தாராபுரத்துத் தானியமும் ஸ்காட்லாந்துத் தளபதியும்

1783ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, அமராவதிக் கரையில் இருந்த தாராபுரம் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிடம் வீழ்ந்தது. அந்தப் படையை நடத்தி வந்தவருக்கு வயது 29. வில்லியம் ஃபுல்லர்டன் என்பது பெயர். நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் எப்படிக் கொங்குநாட்டுக்குத் தளபதியாக வந்து சேர்ந்தார்? வந்தவர் ஏன் சென்னைக்கும் மைசூருக்கும் நடுவே எத்தனையோ ஊர்கள் இருக்கத் தாராபுரத்தையும் பாலக்காட்டையும் குறிவைத்தார்? முதல் கேள்விக்கு விடை ஸ்காட்லாந்தின் பிரபுக்குலத்தில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு விடை கொங்கு மண்ணிலும் காற்றிலும் கிடக்கிறது. இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் நாள்தோறும் மிதிக்கிற, மூச்சிழுக்கிற விஷயங்கள் அவை.

ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது ஏர்ஷயர். அங்கே ட்ரூன் என்ற ஊரை ஒட்டிப் பரந்து கிடந்த நிலம் ஃபுல்லர்டன் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பப் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றேயானதால் 'ஃபுல்லர்டன் ஊர் ஃபுல்லர்டன்' என்றே எழுதுவார்கள். வில்லியம் 1754இல் பிறந்தார். ஒரே மகன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். நிலம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு வந்தது. திருப்பூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி: அதே ஏர்ஷயரில் உள்ள ஸ்டூவார்ட்டன் என்ற சிற்றூர், பல நூற்றாண்டுகளாகக் கம்பளிநூல் பின்னலுக்கு, குறிப்பாகப் பின்னல் தொப்பிகளுக்குப் பெயர்போனது. அன்றைய தாராபுரத்தில் பனியன் என்ற தொழிலே கிடையாது. ஃபுல்லர்டன்தான் பின்னல் சீமையிலிருந்து வந்தவர்.

அவருக்கு வாய்த்த ஆசிரியரும் சாதாரணமானவர் அல்ல. பேட்ரிக் பிரைடோன் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் மின்சார ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டவர். 1770இல் சிசிலி, மால்டா தீவுகளுக்குப் போனபோது பதினாறு வயது ஃபுல்லர்டனையும் கூட்டிப்போனார். எட்னா எரிமலையில் பாரமானியைத் தூக்கிக்கொண்டு ஏறி உயரம் கணித்தார். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அவற்றுக்கிடையே மண் படலங்களாகவும் கிடப்பதைக் கண்டு, பூமிக்கு மதநூல்கள் சொல்வதைவிட வயது அதிகமாக இருக்குமோ என்ற கேள்வியைத் தன் பயண நூலில் எழுதினார். நிலத்தைப் பார்த்தால் அதன் அமைப்பையும் பயனையும் கணக்குப் போடும் பழக்கம் மாணவருக்கு அங்கேதான் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் ஃபுல்லர்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார்.

எடின்பரோ பல்கலைக்கழகப் படிப்பு, பாரிஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் செயலாளர் வேலை, 1779இல் நாடாளுமன்ற இடம் என்று வாழ்க்கை போனது. மறு ஆண்டு அவரும் நண்பர் தாமஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கென்சியும் அரசிடம் ஒரு யோசனையுடன் போனார்கள்: தங்கள் செல்வாக்கில் ஆளுக்கொரு படைப்பிரிவைத் திரட்டித் தருகிறோம், ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களைத் தாக்குவோம். அக்காலத்தில் இது நடக்கிற காரியம்தான். நிலக்கிழார் ஒருவர் தன் குடிகளையும் சுற்றுவட்டாரத்து இளைஞர்களையும் ஆயிரம்பேர்போலச் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பிரிவுக்கு அவரே தலைவர். அனுபவம் பின்னால் வந்துகொள்ளும். ஃபுல்லர்டனுக்கு 98ஆம் படைப்பிரிவும், ஹம்பர்ஸ்டனுக்கு 100ஆம் படைப்பிரிவும் கிடைத்தன.

பிரபுக்கள் சபையில் ஷெல்பர்ன் பிரபு இதைக் கண்டித்தார். தூதரகத்தில் எழுத்தராக இருந்தவருக்குத் தளபதிப் பட்டமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட விதம் ஃபுல்லர்டனைச் சுட்டது. 1780 மார்ச் 22ஆம் தேதி லண்டன் ஹைட் பூங்காவில் இருவரும் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிரே நின்றார்கள். ஷெல்பர்னுக்குத் தொடையிடுக்கில் சிறு காயம். இந்த ஷெல்பர்னை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொங்குநாட்டுக் கதையில் அவருக்கு இன்னொரு பங்கு இருக்கிறது.

அமெரிக்கா போக வேண்டிய படை அமெரிக்கா போகவில்லை. 1781 மார்ச்சில் நன்னம்பிக்கை முனையை டச்சுக்காரர்களிடமிருந்து பறிக்கப் புறப்பட்ட கப்பல் தொகுதியோடு அது சேர்க்கப்பட்டது. ஏப்ரலில் கேப் வெர்டே தீவுகளில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் வழிமறித்துத் தாக்கி, முனைக்கும் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அங்கே வேலையில்லை என்று படைகள் இந்தியா வந்தன. ஹம்பர்ஸ்டன் மலபார்க் கரையில் இறங்கினார். ஃபுல்லர்டன் சென்னைக்கு வந்தார்.

1782இன் சென்னை பஞ்சத்தில் கிடந்தது. 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி மலையிறங்கி வந்து கர்நாடகப் பகுதி முழுவதையும் சூறையாடியிருந்தார். எதிரிப் படைக்கு ஒரு படி அரிசிகூடக் கிடைக்கக்கூடாது என்பது அவர் உத்தி. கம்பெனிச் சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி. பீரங்கி இழுக்க மாடு இல்லை. அக்காலப் போர்கள் வீரத்தால் மட்டும் நடந்தவை என்று எண்ணுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சேர், அதாவது ஏறக்குறைய 900 கிராம் தானியம் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல்லர்டனிடம் பிற்பாடு சேர்ந்த படை சுமார் 13,500 பேர். நாளொன்றுக்கு 12 டன் தானியம் வேண்டும். பொதிமாடு ஒன்று 75 கிலோ சுமக்கும் என்றால், ஒரு நாள் சோற்றுக்கே 160 மாடுகளுக்கு மேல். ஒரு மாதத்துக்கு முன்கூட்டி எடுத்துப் போக வேண்டுமானால் ஏறக்குறைய 5,000 மாடுகள். இதுவும் வீரர்களுக்கு மட்டும்தான். அன்றைய படைகளோடு சமையற்காரர், புல்வெட்டி, பல்லக்குத் தூக்கி, வண்டிக்காரர், கடைக்காரர், குடும்பங்கள் என்று மூன்று நான்கு மடங்குபேர் நடந்தார்கள். அவர்களும் சாப்பிட வேண்டும்.

மாடும் சாப்பிட வேண்டும். இங்கேதான் கணக்கு இறுகுகிறது. 300 கிலோ எடையுள்ள உழைக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 7 கிலோ உலர்தீவனம் தேவை. மேய்ச்சல் இல்லாத நாட்டில் மாடு தன் தீவனத்தைத் தானே சுமக்க வேண்டுமென்றால், பத்துப் பதினொரு நாளில் முதுகில் இருப்பதையெல்லாம் அதுவே தின்று தீர்த்திருக்கும். ஆகவே ஒரு படை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வழியில் புல் முளைத்திருக்கிறதா, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, ஊர்க் களஞ்சியத்தில் தானியம் இருக்கிறதா என்பவை தீர்மானித்தன. மைசூர் இதை நன்றாக அறிந்திருந்தது. அமிர்தமகால் என்று இன்று பெயர்பெற்ற மாட்டினத்தை அரசே வளர்த்துப் படைக்குத் தந்தது. ஹைதரின் படை நம்பமுடியாத வேகத்தில் தோன்றி மறைந்ததற்கு அந்த மாடுகள் ஒரு முக்கியக் காரணம். கம்பெனியிடம் அப்படி ஏதும் இல்லை. லம்பாடிகளிடமும் ஊர்க் குடியானவர்களிடமும் கெஞ்சியோ பறித்தோதான் வாங்க வேண்டியிருந்தது.

பறித்தால் கிடைக்காது என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு சான்று உண்டு. அதே போர்க்காலத்தில் கோட்டைக்குள் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வயல்களில் தானியம் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. கொடுத்தவர்களுக்குக் காசு வராது என்று தெரிந்ததால் குடியானவர்கள் மாடுகளை மறைத்துவிட்டார்கள். கிறித்தவ ஊழியர் சுவார்ட்ஸ் ஐயர், காசுக்கு நான் பொறுப்பு என்று ஓலை அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போனது. பிற்பாடு ஃபுல்லர்டனும் சுவார்ட்ஸைப் பெரிதும் மதித்தார்.

இந்தப் பின்னணியில் கொங்குநாட்டைப் பாருங்கள். அப்போது அது மைசூரின் ஆட்சியில் இருந்தது. காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீரன் சின்னமலைக்கு அப்போது இருபத்தேழு வயது. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்துவிட்டார். அவர் மகன் திப்பு தன் பெரும்படையோடு மேற்குக் கடற்கரையில் மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அதைக் கட்டிக்காத்தவரும் கேம்பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரே. ஆக, கொங்கின் கோட்டைகளில் காவல் குறைவு. 1783 வசந்தத்தில் கர்னல் லாங் கரூரையும் அரவக்குறிச்சியையும் திண்டுக்கல்லையும் பிடித்தார். மே மாதம் கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள படைகளின் பொறுப்பு ஃபுல்லர்டனிடம் வந்தது. அவர் நேரே தாராபுரம் வந்தார்.

தாராபுரத்தில் பெரிய மண்கோட்டை இருந்தது. மண்சுவர் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். கருங்கல் சுவரில் பீரங்கிக்குண்டு மோதினால் கல் பிளந்து பக்கத்துக் கற்களையும் தளர்த்திவிடும். தடித்த மண்சுவரோ குண்டின் வேகத்தைத் தன் துகள்களின் உராய்வில் வாங்கிக்கொண்டு அதை உள்ளேயே புதைத்துக்கொள்ளும். ஆனால் ஃபுல்லர்டனை இழுத்தது சுவரின் உள்ளே இருந்த பொருள்: தானியமும் மாடும். இரண்டும் அங்கே மிகுதியாகக் கிடைத்தன.

ஏன் தாராபுரத்தில்? அமராவதி, மலைகளில் பிறந்து வருவது. சமவெளியில் மழையில்லாத ஆனி ஆடியிலும் மேலே மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழை ஆற்றில் இறங்கி வருகிறது. அதனால் கரையோரம் நெல். ஆற்றைவிட்டு வடக்கே காங்கேயம் பக்கம் போனால் சரளைமண் மேடு. அங்கே கம்பும் சோளமும் மேய்ச்சலும். கொரங்காடு என்று இன்றும் காங்கேயம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கம் சொல்கிறார்களே, அந்த மேய்ச்சல் முறை உலகத்தில் அரிதானது. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் மழையில் தழைத்து, வறண்ட பிறகும் வேரில் உயிர் வைத்திருக்கும். வெள்வேல நெற்று கோடையில் தீவனம். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையே காணும் நிலத்தில் மாட்டுக்கு ஆண்டு முழுதும் ஏதாவது வாய்க்கு வைக்கும் ஏற்பாடு. காங்கேயம் காளை எடுப்பாக நிற்பதற்குப் பின்னால் இந்தப் புல்லின் தாவரவியல் இருக்கிறது. மாட்டையும் தானியத்தையும் ஒருங்கே தருகிற இந்த வட்டாரம், இழுக்க மாடில்லாமல் தவித்த ஒரு படைக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாராபுரத்திலிருந்து மேற்கே போக நினைத்தவரைக் கிழக்கே கூப்பிட்டார்கள். கடலூரில் ஜெனரல் ஸ்டூவர்ட் பிரெஞ்சுக்காரரை முற்றுகையிட்டுத் திணறிக்கொண்டிருந்தார். ஜூன் 13ஆம் தேதி நடந்த சண்டையில் இருபக்கமும் பெருஞ்சாவு. கடலில் மறுபடியும் அதே சுஃப்ரன். ஃபுல்லர்டன் உதவிக்குப் போகும் வழியில், மாத இறுதியில், ஒரு செய்தி வந்து போரை நிறுத்தியது: பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானமாகிவிட்டன. அந்த முன்னுடன்படிக்கை கையெழுத்தான நாள் 1783 ஜனவரி 20. செய்தி கடல்கடந்து வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலூர் மணலில் விழுந்தவர்கள் முடிந்துபோன போரில் உயிர்விட்டார்கள். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தச் சமாதானத்தைச் செய்த பிரிட்டிஷ் பிரதமர் யார்? ஹைட் பூங்காவில் ஃபுல்லர்டனின் குண்டு பட்ட ஷெல்பர்ன். அவர் செய்த சமாதானத்தால் பிரெஞ்சுத் துணை திப்புவிடமிருந்து விலகியது. ஃபுல்லர்டனின் படைக்குக் கொங்கை நோக்கி மறுபடி நடக்க நேரம் கிடைத்தது.

இடையில் அவர் தெற்கே செய்தவற்றை மறைக்கக்கூடாது. மேலூர்க் கள்ளர்களை அடக்கினார். ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்திய தலைமுறையின் காலம் அது. மண்கோட்டை எளிதில் பணியவில்லை. கம்பெனிப் பக்கம் பலர் மாண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் இரவில் தப்பிப் போனார்கள். டச்சுக்காரர்களோடு பாளையக்காரர் செய்துகொண்ட ஒப்பந்தம் கோட்டைக்குள் அகப்பட்டது. பிறகு சிவகிரி. வரி பாக்கி என்ற பெயரில் ஊர்களைப் பணிய வைத்த இந்தப் படையெடுப்பு, பதினாறு ஆண்டுகள் கழித்துக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறும்வரை நீண்ட பகையின் ஒரு கண்ணி.

இலையுதிர்காலத்தில் அவர் திண்டுக்கல், பழனி வழியாக மறுபடி மேற்கே வந்தார். பழனியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் நிலம் இன்றைய உடுமலை, மடத்துக்குளம் வட்டங்களின் வழியே கிடக்கிறது. நோக்கம் பாலக்காடு. அதைப் பிடித்தால் மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே கயிற்றில் வரும். அங்கிருந்து வடக்கே திரும்பி மலையேறி மைசூரின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தொடலாம். ஓராண்டுக்கு முன் நண்பர் ஹம்பர்ஸ்டன் இதே பாலக்காட்டை மேற்கிலிருந்து நெருங்கி, முடியாமல் பின்வாங்கியிருந்தார். 1783 ஏப்ரலில் ஹம்பர்ஸ்டன் கடற்சண்டையில் பட்ட காயத்தால் இறந்தும்விட்டார்.

பாலக்காட்டில் அப்படி என்ன இருக்கிறது? குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரிவரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை இந்த ஓரிடத்தில்தான் முழுக்க அற்றுப்போகிறது. வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை, ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமதரை. பூமியின் மேலோட்டில் மிகப் பழைய பாறைத் துண்டங்கள் ஒன்றோடொன்று உரசி நொறுங்கிய ஒரு பலவீனப் பட்டை, பாலக்காட்டிலிருந்து காவிரியோரமாகக் கிழக்கே போகிறது. கோண்ட்வானாக் கண்டம் உருவான காலத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த உரசல் கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது. நொறுங்கிய பாறையை ஆறுகள் எளிதாக அரிக்கும். இருபக்கமும் மலை நிற்க நடுவில் தரை கிடப்பதற்கு அந்தப் பலவீனத்தைக் காரணம் சொல்கிறார்கள் புவியியலார்.

உயிர்களுக்கும் இது எல்லை. உயர்மலைச் சோலைகளில் மட்டும் வாழும் சிறு நீலப் பறவை ஒன்று கணவாய்க்கு வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே வேறு இனமாகவும் பிரிந்திருக்கிறது. இருபக்கத்து யானைகளின் மரபணுவிலும் வேறுபாடு தெரிகிறது. மலையில் வாழ்கிறவற்றுக்குத் தடையாக இருக்கும் அதே இடைவெளி, சமவெளியில் நடக்கிறவர்களுக்கு வாசல். சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கரூருக்குப் போன வணிகப் பாதை இதன் வழியேதான். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கியும், கல்மணி கடைந்தும், தக்களியில் நூல் நூற்றும் வாழ்ந்தவர்களின் சரக்கு இப்படித்தான் வெளியுலகம் பார்த்தது. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் பாதை போட்டவர்களும் இந்த வாசலையே தேடினார்கள். திருப்பூருக்கு ரயில் கிடைத்தது அதனால்தான். ரயில் வந்ததால் பஞ்சுச் சந்தை, பஞ்சுச் சந்தையால் அரைவை ஆலை, 1920களில் பின்னல் எந்திரம்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. கணவாய்க்கு நேரே வரும் காற்றுக்கு ஏற மலையில்லை. இருபக்க மலைகளால் நெருக்கப்பட்டு, அதே அளவு காற்று குறுகிய இடத்தில் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால் வேகம் கூடுகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் சாரலாகத் தூவிவிட்டு, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வரும்போது பெரும்பாலும் வெறுங்காற்றாக வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் விளக்கம் தேவையில்லை. காற்றாலைக்கு இதன் மதிப்பு பெரிது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி உயர்வது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் 73 விழுக்காடு கூடும். குடிமங்கலம், பூளவாடி, கேத்தனூர் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும், திருப்பூர்ப் பனியன் நிறுவனங்கள் பல சொந்தக் காற்றாலை வைத்து மின்கட்டணத்தை ஈடுகட்டுவதும் இந்த முப்பது கிலோமீட்டர் இடைவெளியால்தான். ஆடியில் மழை இல்லாததால் இந்த நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்புகிறது. அந்த ஈரத்தில் வளர்ந்த பருத்தி மாசி, பங்குனியின் வறட்சியில் நனையாமல் வெடிக்கிறது. பஞ்சுக்கு இதைவிட ஏற்ற பருவ ஒழுங்கு அமைவது அரிது.

ஃபுல்லர்டன் நடந்தது அந்த ஐப்பசி மழையில். ஆனைமலைக் காட்டில் மழை நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. பீரங்கிகளுக்கு மரம் வெட்டி வழி போட்டார்கள். ஓடைகளில் பாலம் கட்டினார்கள். ஒருவழியாகப் பாலக்காட்டுக் கோட்டையின் முன் வந்து முற்றுகையிட்டார்கள். 1766இல் ஹைதர் கட்டிய அந்தக் கருங்கல் கோட்டை இன்றும் ஊர் நடுவே உறுதியாக நிற்கிறது.

அதை விழவைத்ததும் மழையே. அக்காலத் துப்பாக்கியின் விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகுத்தகட்டில் உரசிப் பொறி தெறிக்கும். வெளியே சிறு தட்டில் வைத்த மருந்து பற்றி, ஓட்டை வழியே உள்மருந்தைக் கொளுத்தும். அந்தத் தட்டு மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கம்பு. நவம்பர் நடுவில் ஒருநாள் கனமழை. வெளிப்புறக் காப்பு வழியில் நின்ற காவலர்கள் மழைக்கு ஒதுங்கினார்கள். அதைக் கவனித்த கேப்டன் மெய்ட்லண்ட் ஒரு சிறு குழுவோடு பதுங்குகுழி வழியே பாய்ந்து, முதல் வாசலையும் இரண்டாம் வாசலையும் கடந்தார். மூன்றாவது வாசலில் தடைபட்டாலும் பின்னால் ஆள் வரும்வரை இடத்தைவிடவில்லை. முழுப்படையும் புகுந்துவிட்டது என்ற கலக்கத்தில் கோட்டை பணிந்தது. மாத இறுதிக்குள் கோயம்புத்தூரும் கைக்கு வந்தது.

இனி ஸ்ரீரங்கப்பட்டணம்தான் என்று ஆயத்தமானபோது உத்தரவு வந்தது. திப்புவோடு பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்ட கம்பெனித் தூதர்கள், பிடித்த இடங்களை விட்டுப் பின்வாங்கச் சொன்னார்கள். ஃபுல்லர்டன் கொதித்தார், ஆனால் பணிந்தார். 1784 மார்ச் 11ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. தாராபுரமும் கொங்கும் மறுபடி மைசூருக்கே போயின.

ஊர் திரும்பியவர் 1787இல் 'இந்தியாவில் ஆங்கிலேயர் நலன்கள்: ஒரு பார்வை' என்ற பொருளில் தன் படையெடுப்பின் விவரங்களை நூலாக வெளியிட்டார். எந்த நாட்டில் தானியம், எந்த வழியில் மாடு போகும், எங்கே மலையேறலாம் என்பவை எல்லாம் அதில் அச்சேறின. 1790இல் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூர் நாட்டில் புகுந்து தாராபுரத்தையும் பாலக்காட்டையும் மறுபடி பிடித்தபோது, படை நடந்தது பெரும்பாலும் ஃபுல்லர்டன் நடந்த நிலத்தில்தான். தாராபுரம் கோட்டை 1792இல் இடிக்கப்பட்டது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு முழுவதும் கம்பெனிக்குப் போனது. மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர், காங்கேயம், தாராபுரம் வழியே மெதுவாகப் பயணம் செய்து மண்ணின் வகை, பயிர், நெசவு, வரி என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினார். கொங்கின் வேளாண்மையை அறிய விரும்புகிறவர்களுக்கு இன்றும் அவர் குறிப்புகள் தவிர்க்க முடியாதவை.

ஃபுல்லர்டன் பிறகு இந்தியா வரவில்லை. ரே பிரபுவின் மகள் மரியான் மெக்கேயை மணந்தார். மறுபடி நாடாளுமன்றம் போனார். 1793இல் ஏர்ஷயர் வேளாண்மை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். மண்ணுக்கு எரு, நிலத்துக்கு வேலி, குத்தகைக்காரனுக்கு நீண்ட உரிமை என்று பேசும் அந்த எழுத்தில், படைக்குத் தீவனம் தேடியவரின் கண் வேறு பயனுக்குத் திரும்பியிருப்பதைக் காணலாம். அதே ஏர்ஷயரில் பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன் பாடல் ஒன்றில் அவரைப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார்.

கடைசி அத்தியாயம் மேற்கிந்தியத் தீவுகளில். 1802இல் டிரினிடாட் தீவை ஆள மூவர் குழு அமைக்கப்பட்டது. முதல் ஆணையர் ஃபுல்லர்டன்; அதுவரை தனியாக ஆண்டுவந்த தாமஸ் பிக்டனும் அதில் ஓர் உறுப்பினர். 1803 ஜனவரியில் போய் இறங்கிய ஃபுல்லர்டன் சிறைகளைத் திறந்து பார்த்தார், ஆவணங்களைக் கேட்டார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட லூயிசா கால்டரோன் என்ற இளம்பெண்ணைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒற்றைக் காலைக் கூர்முளையில் ஊன்றவைத்துச் சித்திரவதை செய்ய பிக்டன் அனுமதி கொடுத்திருந்தது தெரிந்தது. லூயிசா கலப்பினப் பெண். லண்டனில் அவருக்காகப் பேச ஆள் கிடையாது. ஃபுல்லர்டன் அவரை லண்டனுக்கே அழைத்துவந்து வழக்குத் தொடுத்தார். 1806இல் பிக்டன் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. ராணுவமும் தோட்ட முதலாளிகளும் பிக்டன் பக்கம் நின்றார்கள். வழக்கில் பெரும்பணம் செலவானது. அதற்குள் 1805இல் ஏர்ஷயர் நிலமும் போர்ட்லண்ட் கோமகனுக்கு விற்கப்பட்டிருந்தது.

பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்டவரும், லூயிசாவுக்காகச் சொந்த வர்க்கத்தையே பகைத்துக்கொண்டவரும் ஒரே மனிதர். இரண்டாவதை வைத்து முதலாவதை மன்னிக்க எனக்கு மனமில்லை. முதலாவதை வைத்து இரண்டாவதை மறக்கவும் மனமில்லை. 1808 பிப்ரவரி 13ஆம் தேதி நுரையீரல் அழற்சியால் லண்டனில் அவர் இறந்தார். வயது 54. நான்கு மாதம் கழித்து நடந்த மறுவிசாரணையில் பிக்டனுக்குத் தண்டனை இல்லாமல் போயிற்று.